இம்பியின் ஐந்தாவது கேன்

எங்கள் ஏரிக்கரை மதுவிலக்குச் சங்கத்தின் பொருளாளரும், சாராய ஊறலைச் சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பெயர் பெற்றவளும் ஒரே பெண்தான். இம்பி மெர்தனன். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. குடிக்கிறவனிடம் ஊறலைக் கொடுத்தனுப்பினால் வழியிலேயே அளவு குறையும். குடிக்காதவளிடம் குறையாது. கொள்கைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ஊறலை எதற்காக இடம் மாற்ற வேண்டும் என்றால், அதன் சுபாவம் அப்படி. ரை தானிய மாவும் முளைகட்டிய வாற்கோதுமையும் புளித்துப் பொங்க வெதுவெதுப்பு வேண்டும். எங்கள் குளிர்காலத்தில் மாட்டுத் தொழுவத்தைவிட வெதுவெதுப்பான இடம் கிடையாது. காய்ச்சுவதற்கோ உறையாமல் ஓடும் தண்ணீரும், புகையை யாரும் எண்ணிப் பார்க்காத காடும் வேண்டும். இரண்டையும் ஓரிடத்தில் வைப்பது முட்டாள்தனம். பீப்பாயும் அடுப்பும் சேர்ந்து சிக்கினால் போலீசுக்கு வேலை மிச்சம். ஆகவே தொழுவத்துக்கும் காட்டு ஓடைக்கும் நடுவே ஒரு பாதை. அந்தப் பாதையில் தினமும் காலையில் பால்பண்ணைக்குப் பால் ஏற்றிக்கொண்டு சறுக்கு வண்டியில் போகிறவள் இம்பி. ஒரு பால் கேனைப் போலத்தான் இன்னொரு பால் கேனும் இருக்கும்.

அவளுக்கென்று சில கண்டிப்புகள் இருந்தன. பொங்கி அடங்காத ஊறலைத் தொடமாட்டாள். கேனைக் கழுத்துவரை நிரப்புவாள். குறைவாக இருந்தால்தான் தளும்பும். மூடியை அழுத்தி மூடாமல் துணி வைத்து அதன்மேல் லேசாக வைப்பாள். மிச்சமிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். வழியில் உறையாமலிருக்க ஆட்டுத்தோல் சுற்றுவாள். கூலி அரைப் புட்டி சாராயம். அதைக் குதிரையின் காலில் தேய்ப்பாள். சங்க விதிகளில் குதிரையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது அவள் வாதம்.

அந்தக் குதிரைதான் அவளுக்கு எல்லாம். பெயர் லீனு. கணவன் போரிலிருந்து திரும்பவில்லை; நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கல்மேடு. லீனு இழுக்கும் பால்தான் அவளுக்குச் சோறு போட்டது. பிடிபட்டால் அபராதத்தை எப்படியாவது கட்டிவிடலாம். ஆனால் வண்டியோடு குதிரையும் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

அந்தப் பிப்ரவரியில் பக்கத்துப் பண்ணை தாவெத்தியின் மகளுக்குக் கல்யாணம். இம்பி அவன் தொழுவத்துக்குப் போய்ப் பீப்பாயில் காதை வைத்தாள்.

"இன்னும் வறுபடுற மாதிரி சத்தம் வருதே."

"அது மாடு அசைபோடுற சத்தம்."

"மாடு பீப்பாய்க்குள்ளயா இருக்கு?"

"இம்பி, சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மோரையா ஊத்துறது? உனக்கு மோர் போதும். எல்லாரும் உன்னை மாதிரி புண்ணியவதியா?"

புண்ணியவதி என்ற சொல் அவளைச் சுட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொங்கி அடங்காத ஊறலை வண்டியில் ஏற்றினாள்.

உறைந்த ஏரியின் பனிப்பாதையில் கான்ஸ்டபிள் தன்ஸ்கனன் நடந்து வந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் நடந்து போகிறவரை ஏற்றாமல் கடந்து போவது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்த பாவம். இம்பி வண்டியை நிறுத்தினாள். அவர் பின்னால் ஏறி, ஆட்டுத்தோல் சுற்றிய கேனாகப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பருத்த மனிதர். துணிக்கும் மூடிக்கும் நடுவே இருந்த வழி அடைபட்டது.

"கான்ஸ்டபிளுக்கு அங்க குலுக்கும். முன்னாடி வந்து உக்காரலாமே."

"இங்கயே இருக்கேன் அம்மா. கீழ நல்லா வெதுவெதுன்னு இருக்கு."

"தொழுவத்துலேர்ந்து நேரா வர்றது."

"பால் நிறைய போல?"

"நாலு கேன்தான்."

வண்டியில் ஐந்து இருந்தன. இம்பி பொய் சொல்லமாட்டாள். பாலைக் கேட்டார், பாலைச் சொன்னாள். ஓடைத் திருப்பத்தில் இறக்க வேண்டிய கேனை இறக்க முடியாமல் நேராகப் போனாள். பனிக்கட்டியின் ஒவ்வொரு மேடும் ஊறலை உலுக்கியது. அடியில் ஏதோ முணுமுணுப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். லீனுவுக்கு வயிறு சரியில்லையோ என்றும் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் பேசாத குதிரைமேல் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை.

தேவாலய முனையில் அவர் இறங்குவதற்காக எழுந்தார். மூடியும் கூடவே எழுந்தது. டப்பென்று ஒரு சத்தம். பழுப்பு நுரை கேனின் தோளில் வழிந்து, ஆட்டுத்தோலை நனைத்து, அவர் கோட்டின் பின்புறத்தில் ஏறி அங்கேயே உறையத் தொடங்கியது. புளித்த ரொட்டி வாசனை ஏரி முழுக்கப் பரவியது போலிருந்தது அவளுக்கு.

கான்ஸ்டபிள் மூடியைப் பார்த்தார். கோட்டைத் தொட்டு விரலை முகர்ந்தார். பிறகு குதிரையிடம் போனார்.

"இதுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

விலை கணக்குப் போடுகிறார் என்று நினைத்தாள் இம்பி. அவர் குனிந்து லீனுவின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தார்.

"கால் ரொம்ப நல்லாருக்கு. என்ன தேய்க்கிறீங்க?"

பொய் சொல்லத் தெரியாதவளிடம் கேட்கக் கூடாத கேள்வி.

"சாராயம்."

அவர் அந்தக் காலை இன்னொரு தடவை நீவிவிட்டார்.

"குதிரைக்கு நல்லதுதான்," என்று எழுந்து, விறைத்த கோட்டோடு நடந்து போனார்.

அவர் ஏன் விட்டார் என்பதற்கு ஊரில் தலைக்கொரு விளக்கம். சாட்சியத்தின் மேலேயே உட்கார்ந்து சவாரி செய்ததை எப்படி எழுதுவார் என்றார்கள் சிலர். கல்யாணத்துக்கு அவரும் அழைக்கப்பட்டவர் என்றார்கள் சிலர். இம்பி எதையும் நம்பவில்லை. பனி உருகும்வரை, முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டாலே லாயத்துக்கு ஓடினாள். இத்தனை காலம் தன் கவனம்தான் காப்பாற்றியது என்று நினைத்திருந்தாள். காப்பாற்றியது தன் நல்ல பெயர் என்றும், அது அன்றைக்கு ஏரியில் கொட்டிப் போயிற்று என்றும் என்னிடம் சொன்னாள். சங்கத்திலிருந்து விலகுவாள் என்று எதிர்பார்த்தேன். விலகவில்லை. சந்தாவை முன்கூட்டியே கட்டினாள்.

அடுத்த குளிர்காலம் தாவெத்தி மறுபடி ஊறல் விஷயமாக வந்தான். இம்பி காபி ஊற்றினாள்.

"லீனு இனிமே வராது."

"சரி. நீ வருவியா?"

"உன் குதிரையைப் பூட்டு. வர்றேன்."

தாவெத்தியின் குதிரை இளசு. போன வருஷம்தான் வாங்கியது. அவன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காபியை மெதுவாக உறிஞ்சினான். போதும் என்ற அடையாளமாகக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியே தூரத்தில் தெரிந்த தன் லாயத்தைப் பார்த்தான்.

"இந்த வாரம் வேணாம் இம்பி," என்றான். "ஊறல் இன்னும் கொஞ்சம் அடங்கட்டும். என்ன அவசரம்?"