கொர்னேய் மாமாவின் கீழ்க்குரல்

கொர்னேய் மாமா இறந்து ஓராண்டாகிறது. நாற்பது வருடம் ஜெபவீட்டில் பாடிய மனுஷன். ஆனால் ஒரு பாட்டின் மெட்டைக்கூட அவருக்குப் பாட வராது, காதுக்கு மட்டும் தெரியும். கிர்கிஸ் நாட்டில் எங்கள் ஊர் ஜெர்மானியர்கள் ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். மெட்டு பெண்கள் பக்கம். மாமாவுக்கு வாய்த்தது கீழ்க்குரல். அடியில் நின்று தாங்குகிற வேலை.

ஒவ்வொரு குடும்பமாக ஜெர்மனிக்குப் போய்விட்டது. கடைசியாக அவர் தங்கை ஆகத்தாவும் போனாள். டிராக்டர் பழுது பார்க்கும் மாமா மட்டும் ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் குளிருக்கு அடுப்பு மூட்டி, ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, தன் கீழ்க்குரலை மட்டும் பாடுவார். கிளம்ப மறுக்கும் டிராக்டர் மாதிரி இருக்கும். நான் சன்னலுக்கு வெளியே நின்று வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

"ஈஸ்டருக்குள்ள ரெண்டாவது ஆள் வரலைன்னா ஜெபவீட்டைப் பூட்டிட்டு அங்க வந்துடறேன்," என்று ஒருநாள் ஆகத்தாவிடம் போனில் சொன்னார். அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

அடுத்த ஞாயிறு அவரைப் பயமுறுத்த நினைத்தேன். சன்னலுக்குக் கீழே பதுங்கி, அவர் பாடிக்கொண்டிருந்த பாட்டின் மெட்டைப் பேய்க்குரலில் எடுத்துவிட்டேன். அவர் ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். அப்போதுதான் அது பாட்டானது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணாவது அடியில தொங்குற. அங்க ஏறணும்," என்றது உள்ளிருந்து குரல். "யாருகிட்ட கத்துக்கிட்ட, கழுதை?"

"அம்மாகிட்ட. பால் கறக்கறப்ப முணுமுணுப்பா."

மாமா சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உங்கம்மா புருல்ச்சா இன்னும் பாடுறாளா?"

அம்மா கிர்கிஸ்காரி, முஸ்லிம் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்பே ஜெபவீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவள். "அங்க போனா உன் சாவுக்குக்கூட வரமாட்டோம்" என்று பெரியப்பாக்கள் சொன்னதிலிருந்து பன்னிரண்டு வருடமாகப் போகவில்லை.

"மாமா தனியா பாடுறாரும்மா. டிராக்டர் மாதிரி," என்றேன் வீட்டுக்கு வந்து.

அம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள். "நானும் தனியாத்தான்டி பாடறேன்."

ஈஸ்டர் அன்று முக்காடு போட்டுக்கொண்டு, பெரியப்பா வீட்டு வாசல் வழியாகவே, பட்டப்பகலில் நடந்தாள். நான் பின்னால். பெரியம்மா வேலியருகே நின்று துப்பினாள். அம்மா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்ததும் மாமா பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

"ஒத்தை ஆளுகிட்ட ஆண்டவர் வருவாரான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, புருல்ச்சா."

"மாட்டுக்கொட்டகைக்கே வந்தாருண்ணே. வந்தாருன்னு சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை. நீங்க பாடுங்க."

அன்று மதியம் மாமாவின் போன் பேச்சு தெருவுக்கே கேட்டது: "நான் வரலை, ஆகத்தா. இங்க மூணு பேர் இருக்கோம். மூணாவதா? சன்னலுக்கு வெளியே கிடந்தது ஒண்ணு உள்ள வந்திருக்கு. அது சுதி சேர ஆறு மாசம் ஆகும்."

இரண்டு வருடம் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் நான் சரியாகப் பிடிக்கும்வரை அந்த மூன்றாவது அடியிலேயே நின்று மாமா காத்திருந்தார்.