முப்பது நிமிடம் என்று எழுதியது

செகந்திராபாத்தை அடுத்த ஹப்சிகுடாவில் நான் ஆராய்ச்சி செய்த வருடங்களில், என் கையால் நன்றாக வந்த படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் என் வழிகாட்டி நம்பவில்லை.

வேலை இதுதான். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கார்பன் குழாய்களைச் சூடான கரைப்பானில் பாலிஎதிலீனோடு கலக்க வேண்டும். பிறகு சூட்டைக் கொஞ்சம் இறக்கி அசையாமல் வைத்திருந்தால், பாலிஎதிலீன் அந்தக் குழாயின்மேல் படிகமாகி, வட்டு வட்டாக, ஒரே இடைவெளியில் உட்காரும். உலகம் முழுக்க இதற்குக் கபாப் என்று பெயர். எனக்கு அது ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலை. நுண்ணோக்கியில் முதல் தடவை பார்த்தபோது பக்கத்தில் கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை. திரையைச் செல்பேசியில் படம் பிடித்தேன். யாருக்கு அனுப்புவது என்று யோசித்து, அனுப்பாமல் விட்டேன்.

அதன்பின் மூன்று மாதம் செய்து செய்து பார்த்தும் வேர்க்குரு மாதிரி சின்னப் புடைப்புகள்தான் வந்தன. வழிகாட்டி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த செகந்திராபாத் தமிழர். ஆய்வகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

"ஒரு தடவ வந்தது கைக்கு மறுபடி வரல? இது நிஜமாவே உன் சாம்பிள்தானா?" என்றார்.

மாதக் கடைசிக்குள் மறுபடி வராவிட்டால் படத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பொய்க்காரி என்று மட்டும்தான் சொல்லவில்லை. வந்த ஆத்திரத்துக்குக் குடுவையைப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதும் நான்தானே.

குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அளவு, சூடு எல்லாம் சரி. அசையாமல் வைத்த நேரம் முப்பது நிமிடம்.

ஒரு மத்தியானம் கேஸ்காரர் எண்ணைத் தேடி, செல்பேசியில் அழைப்புப் பட்டியலைத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு வரும் அழைப்புகள் குறைவு. நாலு தள்ளலில் மூன்று மாதம் பின்னால் போய்விடலாம். அந்த சாம்பிளைச் செய்த தேதியில் ஓர் அழைப்பு இருந்தது, ஐம்பத்தாறு நிமிடம்.

பேகம்பேட்டிலிருந்து இணைய இணைப்பு விற்கக் கூப்பிட்ட பெண் அவள். இந்தியில் ஆரம்பித்தாள். "ஐயோ, இப்பவா" என்று நான் முணுமுணுத்தது கேட்டுவிட்டது.

"மேடம், நீங்க தமிழுங்களா? நானு நாமக்கல்லுங்க."

வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். இந்த ஊரில் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள் என்றேன். குகட்பள்ளியில் அறை எடுத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். "வெச்சிரட்டுங்களா, சூப்பர்வைசர் பாக்கறாருங்க" என்று அவள் சொன்ன பிறகே நிறுத்தினோம். இணைப்பைப் பற்றி இருவருமே மறந்துவிட்டோம்.

உள்ளே டைமர் அடித்து ஓய்ந்திருந்தது. பத்து நிமிடம் பேசியிருப்பேன் என்றுதான் நினைத்தேன். நேரத்தை வேலை தொடங்கும்போதே எழுதிவைத்துவிடுவது என் வழக்கம். அதைத் திருத்தத் தோன்றவில்லை.

அழைப்பு வந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் குடுவை எண்பது நிமிடம் சூட்டில் இருந்திருக்கிறது. மறுநாள் எண்பது நிமிடம் வைத்தேன். வட்டுகள் வந்தன. அடுத்த நாளும் வந்தன.

மூன்று படங்களையும் வழிகாட்டியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். தவறாக எழுதியதற்குத் திட்டுவார் என்று நின்றேன். அவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, கோபமில்லாமலே தமிழில், "ஹவ், ஆமா, இப்ப சரி. நேரத்த அடிச்சிட்டு எழுதி, கையெழுத்துப் போடு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அவ்ளோ நேரம் யார்கிட்ட பேசின?" என்று கேட்டார்.

எதையோ விற்கக் கூப்பிட்டவளிடம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அக்காகிட்ட சார்" என்றேன்.

"நல்லது, அடிக்கடி பேசு" என்றார்.

எனக்கு அக்கா கிடையாது. அந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர் ஒருவரும் இல்லை.