ஒற்றனுக்கு இரண்டு உரையாசிரியர்கள்

கல்யாணமான முதல் வருஷத்தில் என் மனைவியை வாய்விட்டுச் சிரிக்க வைத்தவன் ஒரு வெள்ளைக்கார ஒற்றன். அவனையாவது மன்னித்துவிடலாம், அவனுக்கு எங்கள் விலாசம் தெரியாது. பக்கத்து வீட்டு லாரிக்காரரைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது நான் கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆங்கில இலக்கியம் படித்தவன். நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி, அவற்றில் இரண்டொன்று அச்சாகி, அதனால் தலைக்கனம் பிடித்திருந்தவன். வடகவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த என் மனைவி அந்தக் கட்டுரைகளைக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். படித்து முடித்ததும், ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோல, "நல்லாயிருக்குங்க" என்பாள். அவள் முகத்தில் ஒரு மடிப்புகூட விழுந்திருக்காது.

லாரிக்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். மலைக் காய்கறிகளை வத்தலக்குண்டுக்கு இறக்குவது அவர் தொழில். எங்கள் வரிசை வீடுகளில் முதலில் டி.வி. வாங்கியவர் அவர்தான். நம் ஊர் ஒளிபரப்பு இன்னும் மலையேறாத காலம் அது. தகரக் கூரைக்கு மேல் உயரமான குழாயை நட்டு, அதன் தலையில் ஆண்டெனாவைக் கட்டி, சிலோனிலிருந்து படம் பிடித்தார். சனிக்கிழமை மாலைகளில் வரிசையே அவர் கூடத்தில் கூடிவிடும், அப்போதுதான் அந்த ஒற்றன் தொடர் வரும். அவனும் அவனுடைய கூட்டாளிப் பெண்ணும் ஓயாமல் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே உலகத்தைக் காப்பாற்றுவார்கள். சண்டைக்கு நடுவில் அவன் டையைச் சரிசெய்துகொள்வான். ஒரு வாரம் பிரமாதமாக இருக்கும். அடுத்த வாரம், எழுதியவருக்கு வயிற்றுவலி வந்து வேறு யாரோ எழுதினாற்போல இழுக்கும்.

பேசுவது ஆங்கிலம், அடியில் ஓடும் எழுத்து சிங்களம். ஆங்கிலம் காதில் விழுந்து விளங்குவது எனக்கு மட்டும். சிங்களம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அங்கே கொழும்புக்கு லாரி ஓட்டியபோது கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகியதாம். ஆகவே அந்த ஒற்றனுக்கு எங்கள் வரிசையில் இரண்டு உரையாசிரியர்கள்.

ஒரு வாரம் ஒற்றன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்குகிறான். மேலே அந்தப் பெண் நிற்கிறாள். அவன் ஏதோ சொல்கிறான். "உங்களைக் காக்க வைத்துவிடவில்லையே என்று கேட்கிறான்" என்றேன் நான். உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் இங்க தொங்கிக்கிட்டு கெடக்கேன், நீ அங்க நின்னு பூவா பறிக்கிறேங்கிறான்."

கூடமே அதிர்ந்தது. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறதென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பூ எங்கே வந்தது என்று கேட்டேன். "எழுத்துல அப்படித்தான் போட்டிருக்கு தம்பி. உங்களுக்கு அந்த எழுத்து விளங்காது" என்றார், மிகவும் அனுதாபமாக.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஓர் எண்ணத்தோடுதான் அங்கே போய் உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

மழைக்காலத்தில் அதற்கு வழி பிறந்தது. ஒரு சனிக்கிழமை மலையில் மஞ்சு மூட்டம் இறங்கி, திரை முழுக்க வெறும் பொறி. குரல் மட்டும் கணீரென்று வந்தது. படம் இல்லையென்றால் எழுத்தும் இல்லை. லாரிக்காரர் கைகட்டிக்கொண்டு, "சொல்லுங்க தம்பி" என்றார்.

என் நேரம், அது வயிற்றுவலி வாரம். ஒற்றன் வரவே இல்லை. இரண்டு கிழவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து ஏதோ ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பேசினார்கள். நானும் ஒரு ஷரத்தைக்கூட விடாமல் தமிழாக்கினேன். இடையில் டக்கென்று ஒரு சத்தம். சுட்டுட்டானா என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார் என்று விளக்கினேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். லாரிக்காரரின் சம்சாரம் உலை வைக்கப் போனார். கடைசியில் மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்தபடி என் மனைவி மட்டும் இருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது சொன்னாள்: "பாவம் நீங்க. அம்புட்டு நேரம் பேசினீங்க. தொண்டை கட்டியிருக்கும், வெந்நி வைக்கவா?"

சிரிப்புக்கு ஆசைப்பட்டவனுக்கு வெந்நீர் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமையும் மஞ்சு. தொடர் தொடங்குவதற்கு முன்பே என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கும் பொறி பொறியாத்தான் கெடக்கு" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். படம் வராது, உரை என்னுடையதுதான் என்று நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே கூரை ஏறி ஆண்டெனாவைத் திருப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. லாரிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் ஏறிவிட்டால் கதை சொல்ல யார் என்று அவர் சம்சாரம் கேட்டார். நியாயமான கேள்வி. யார் போனால் கதை நிற்காது என்று எல்லோரும் யோசித்தார்கள். நான் ஏணியில் ஏறினேன்.

குழாயைத் திருப்பத் திருப்பக் கீழேயிருந்து வரலை, வரலை என்றார்கள். பிறகு வந்துவிட்டது என்றார்கள். கையை எடுத்தேன். போய்விட்டது என்றார்கள். மறுபடி பிடித்தேன், வந்தது. என் மனைவியின் குரல் தகரத்துக்கு அடியிலிருந்து கேட்டது: "அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க. அசையாதீங்க."

நின்றேன். மீசையில் நீர் கோத்தது. கீழே ஒற்றன் ஏதோ சொல்ல, லாரிக்காரர் ஏதோ சொல்ல, என் காலுக்கடியில் அவள் சிரித்தாள். விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். குழாயிலிருந்து கையை எடுத்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அதை இரண்டு முறை யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எடுக்கவில்லை.

வந்ததிலேயே அந்த வாரக் கதைதான் உசத்தி என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி எனக்காக அதைச் சொல்ல ஆரம்பித்து, லாரிக்காரரைப் போலவே தொண்டையைச் செருமி, முடிக்க முடியாமல் சிரித்தாள். ஆங்கிலத்தில் அவன் உண்மையில் என்ன சொன்னானாம் என்று கேட்டேன்.

"அது யாருக்குங்க தெரியும்" என்றவள், என் ஈரத் தோளை முந்தானையால் துடைத்துவிட்டாள். "அடுத்த வாரம் கொஞ்சம் வெள்ளனே ஏறிக்கிருங்க. மொதச் சண்டை போயிருது."