சேகர் பெயருக்குப் போட்ட பூ

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். பூசி மெழுகிப் பேச எனக்குத் தெரியாது.

நான் புஷ்பம். திருப்பனந்தாள் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் என் கணவர் அந்தோணி, வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். அங்கே குழிக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த யாருடைய உடலும் கிடைக்கவில்லை. செத்தவர்கள் பட்டியலில் என் கணவர் பெயர் இல்லை.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு லீவும்மா. குழியில இறங்கவே இல்ல. எங்க போனாருன்னு நீங்கதான் விசாரிக்கணும்."

என் காது கேட்கவே ஊர் பேசியது. "அங்க எவளாவது சமைச்சுப் போட்டுக்கிட்டு இருப்பா."

காண்ட்ராக்டரை நான் நம்பவில்லை. ஊரை நம்பவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், என் கணவரையும் நம்பவில்லை. மகள் அப்பா படத்துக்குப் பூ வைத்தாள். பிடுங்கி எறிந்தேன்.

கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எனக்கு மெழுகுவத்தி ஏற்ற ஒரு கல்லறை இல்லை. மூன்றாவது வருடம் மெழுகுவத்தியோடு கோயிலுக்குள் போய்ச் சண்டை போட்டேன். "ஆண்டவரே, அவரு செத்தாரா, ஓடினாரா? ஒண்ணைச் சொல்லும். சொல்லாம உம்ம வாசலை மிதிக்க மாட்டேன்."

அந்த வாரமே ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் சேகர். அண்ணனோட ஒரே ரூம்ல இருந்தேன்."

பட்டியலில் நான் படித்த பெயர் அது.

"செத்துப்போன சேகரா? எதைச் சுருட்ட வந்திருக்க?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்க்கா. வேலைக்குப் போகலைன்னா பேரை அடிச்சுருவாங்க. 'எனக்கு லீவுதான், நீ படுடா'ன்னு சொல்லிட்டு, அண்ணன் என் கேட் பாஸை மாட்டிக்கிட்டு என் பேர்ல குழியில இறங்கிட்டாரு."

"மூணு வருஷமா எங்கடா இருந்த?"

"பயந்து ஓடிட்டேன். வருஷா வருஷம் குழி வாசல்ல செத்தவங்க பேரை வாசிப்பாங்க. இந்தத் தடவை வீடியோவுல பாத்தேன். என் பேருக்குப் பூ போடுறாங்கக்கா. சோறு இறங்கல."

கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பையிலிருந்து ஒரு பாஸை எடுத்துக் கொடுத்தான். என் கணவருடையது. ரூமில் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். உறைக்குள் பாஸுக்குப் பின்னால் என் மகளின் பள்ளிக்கூடப் போட்டோ இருந்தது.

அவனை விடவில்லை. வடக்கே இழுத்துக்கொண்டு போனேன். சுரங்க ஆபீசில் நின்று, "நான் சாகல, செத்தது அவரு" என்று அவன் சொன்னான். அவர்களும் லேசில் நம்பவில்லை. நடையாய் நடந்தோம். அடுத்த வருடம் குழி வாசலில் என் கணவர் பெயரை வாசித்தார்கள். அங்கிருந்த நினைவுக் கல்லிலும் வெட்டியிருந்தார்கள். அங்கே என் மெழுகுவத்தியை ஏற்றி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகள் பூ வைத்தாள்.

ஆண்டவருக்கு நன்றி. நம்பிக்கை வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். சந்தேகத்தோடேயே போய்க் கேளுங்கள். என்னை அவர் விரட்டவில்லை.

அந்தக் கல்லில் இன்னும் எத்தனை பெயர் தப்பாக இருக்கிறதோ, எனக்குச் சந்தேகம்தான். பெயர் இல்லாமல் கீழே கிடக்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.