பயந்துகொண்டே குக்கர் விற்கப் போனேன்

சகோதர சகோதரிகளே, நான் இயல்பிலேயே பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது ஒரு தைரியசாலியின் சாட்சி அல்ல.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். என் கணவர் தேவதாஸ் கம்பத்திலிருந்து கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மலை ஏற்றத்தில், சாரலில் நனைந்திருந்த பாதையில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி எப்போது நடப்பார் என்று கேட்டேன். காலை ஊன்றவே மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். ஜீப் முதலாளி வேறு டிரைவரை வைத்துக்கொண்டார்.

வீட்டில் நான், அவர், எங்கள் ஒரே மகள் சுகந்தி. அவள் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டிப்பெரியாற்றில் இருந்த என் நாத்தனார் ஆள் சொல்லி அனுப்பினார். அங்கே ஓர் எஸ்டேட் அதிகாரி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை வேண்டுமாம். சாப்பாடு, துணி, சம்பளம் எல்லாம் உண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுகந்தியை ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும்.

சுகந்தி அழவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்துத் துடைத்து, பெட்டிக்குள் அடுக்கி மூடினாள். அவள் அழுதிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அந்த வாரம்தான் எங்கள் சபையைச் சேர்ந்த ஜெயராஜ் அண்ணாச்சி இவரை விசாரிக்க வந்தார். கம்பம் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, கடையில பிரஷர் குக்கர் வந்து எறங்கிருக்கு. வர்ற ஆம்பளைக தூக்கிப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிர்றாக. பொம்பளைகளுக்கு ஆக்கிக் காட்டுனாத்தான் விக்கும். ஊர் ஊரா, வீடு வீடாப் போகணும். நீ போறியா?"

"சம்பளம் என்ன அண்ணாச்சி?"

"சம்பளம் கெடையாது. வித்தாக் கமிஷன். விக்கலேன்னா ஒண்ணும் இல்ல, பஸ் செலவும் ஒன்னுதுதான். மறைக்காமச் சொல்லிப்புடுறேன். வெள்ளிக்கிழம அனுமந்தன்பட்டியில ஒரு வீட்டுல காட்டச் சொல்லிருக்காக. ஒருதடவ வந்து பாரு. பெறகு முடிவச் சொல்லு."

அவர் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் என்ன செய்வேன் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் தங்கை ரோஸுக்குக் கல்யாணமான புதிதில் பம்ப் ஸ்டவ் வெடித்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். அந்தச் சத்தமும் அதற்குப் பின் அவள் அலறியதும் இன்னும் என் காதில் இருக்கிறது. உயிர் பிழைத்தாள். ஆனால் தாடையும் கழுத்தும் ஒட்டிப்போய்விட்டன. அன்றிலிருந்து என் வீட்டுக்குள் ஸ்டவ்வை ஏற்றியதே இல்லை, விறகடுப்புதான். குக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கோ ஓர் ஊரில் அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

என் கணவர் சொன்னார்: "வேணாம் லில்லி. ஒனக்கு ஒத்துவராது. நான் சீக்கிரம் எந்திரிச்சிருவேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் போகணும்னா இந்தப் பயத்தை எடுத்துப்போடும். போகக்கூடாதுன்னா வழியை அடைச்சிடும்" என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். பயம் போகவில்லை. வழியும் அடைபடவில்லை. வானம் இரும்புபோல் இருந்தது. என் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை என்று நினைத்தேன்.

சுகந்தியை அனுப்ப மனமில்லாமல் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பின்கட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் எட்டியே நின்றேன். அவர் எப்படிச் சமைப்பது என்று காட்டியபோது, எது தப்பாகப் போகும், போனால் என்ன செய்வது என்று மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஆவி வரலேன்னா ஸ்டவ்வ அணச்சிரு. மூடியத் தொடாத. கிட்ட ஆள விடாத" என்றார். கடையில் வேலை செய்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அனுமந்தன்பட்டிக்குப் போனோம். பேச்சியம்மாள் என்ற அக்கா வீடு. விவசாயக் குடும்பம். பின்வாசல் தாழ்வாரத்தில் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, ஆண்கள் நின்றால் பெண்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அண்ணாச்சி வாசல்பக்கம் போய்விட்டார்.

குக்கரின் நன்மைகளைச் சொல்ல வேண்டியவள், என்னென்ன செய்யக்கூடாது என்பதைத்தான் முதலில் சொன்னேன். அதுதான் என் வாயில் வந்தது. பிறகு துவரம்பருப்பைப் போட்டு மூடி, அடுப்பில் ஏற்றினேன். மூடியின் மேல் வெயிட்டை வைக்கும்போது கை ஆடியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

விசில் வர வேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். அப்போதும் வரவில்லை. ஆவியே வெளியே வரவில்லை. பருப்பு நுரை துளையை அடைத்துக்கொண்டது என்று பின்னால்தான் தெரிந்தது. உள்ளே ஏதோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. என் கால்கள் ஓடச் சொல்லின. ஓடியிருப்பேன். அதற்குள் பேச்சியம்மாள் அக்கா, "என்னத்தா, சத்தத்தையே காணோம்?" என்று குக்கருக்கு மேலே முகத்தை நீட்டிக் குனிந்து, வெயிட்டைத் தூக்கிப் பார்க்கக் கை கொண்டுபோனார்.

எனக்கு அந்த நேரத்தில் ரோஸின் முகம் தெரிந்தது. "இயேசப்பா!" என்று கத்தினேன். அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினேன். மறு கையால் ஸ்டவ்வை அணைக்கிற காற்றுத் திருகைத் திறந்துவிட்டேன். நெருப்பு தணிந்தது. அதே நொடியில் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டது. கொதிக்கிற பருப்பும் ஆவியும் நேரே மேலே சீறி ஓட்டில் அடித்தன. ஒரு கணத்துக்கு முன்னால் அந்த இடத்தில்தான் அக்காவின் முகம் இருந்தது.

யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. பெண்கள் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் குக்கரையும் ஸ்டவ்வையும் அங்கேயே போட்டுவிட்டு, அண்ணாச்சியிடம்கூடச் சொல்லாமல், கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் தலையில் ஒட்டியிருந்த பருப்பைக் கணவர் ஒவ்வொன்றாக எடுத்தார். "போதும் லில்லி" என்றார். கர்த்தர் வழியை அடைத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். சுகந்தியின் துணிகளைத் துவைத்துப் போட்டேன். அன்று நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

சனிக்கிழமை உச்சிவேளையில் வாசலில் சத்தம் கேட்டது. அண்ணாச்சி நின்றார். பக்கத்தில் பேச்சியம்மாள் அக்கா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"ஏத்தா, இங்கன வா. சாமானப் போட்டுட்டு என்ன இப்படி ஓடியாந்துட்ட?"

"மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்கு மன்னிக்க? ஒன்னாலதான் என் மூஞ்சி மூஞ்சியா இருக்கு. எங்க வீட்டுக்காரக கேட்டுட்டு, அந்தப் பிள்ளயப் பாத்துச் சொல்லிட்டு வான்னாக. எனக்கு ஒரு குக்கர் எடுத்து வையி. எங்க தெருவுல இன்னும் சிலபேரு கேக்குறாக. ஆனா நீதான் வந்து சொல்லிக் குடுக்கணும்."

நான் திகைத்துப்போனேன். "நேத்து அப்படி நடந்தும் ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ஒனக்கும் பயம்னு ஒங்கையப் பாத்தாலே தெரியுதே. அதுனாலதானத்தா எதச் செய்யக்கூடாதுன்னு மொதல்ல சொன்ன! நான் காதுல வாங்கல. தெருவே ஓடுச்சு, நீ என்னய இழுத்துப் போட்டுட்டுத்தான் ஓடுன. வேற யாரும் வந்து வித்தா நான் வாங்க மாட்டேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அந்தத் துளைய நான் சுத்தம் பாத்துக் குடுத்திருக்கணும் தங்கச்சி, தப்பு என்னுது. வர்றியா, வரலியா? நீ எதச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல."

சகோதரிகளே, அந்த இடத்தில்தான் என் கண் திறந்தது. பயத்தை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். அவர் எடுக்கவில்லை. அந்தப் பயம்தான் என்னை எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தது, அதுதான் என் கையை நீட்டவும் வைத்தது. அதைக் கொண்டே அந்த அக்காவின் முகத்தைக் காப்பாற்றினார். எனக்குப் பதில் வந்திருந்தது, நான்தான் வேறு மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்றேன் அண்ணாச்சி" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. உள்ளேயிருந்து என் கணவர், "சுகந்தி, அத்தைக்கு வரலேன்னு சொல்லி அனுப்பிரு" என்று சத்தமாகச் சொன்னார்.

ஒன்றும் விற்காத வாரங்களும் உண்டு. மழையில் நனைந்து, சும்மா திரும்பி, பஸ்ஸில் அழுதிருக்கிறேன். ஆனாலும் ஓடைப்பட்டி, சின்னமனூர், போடி வரை போனேன். என் கணவர் கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்து, அண்ணாச்சி கடையிலேயே கல்லாவில் உட்கார்ந்தார். சுகந்தி படித்து டீச்சர் வேலைக்குப் போனாள். நான் விற்ற வீடுகளில் ஒருவருக்கும் ஒரு காயமும் வராமல் கர்த்தர் காத்தார். அவருக்கு என் வாழ்நாளெல்லாம் நன்றி சொன்னாலும் போதாது.

உங்களில் யாராவது ஒரு வேலையை, ஒரு பயணத்தை, ஓர் ஆபரேஷனை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கலாம். நடுக்கம் நிற்கட்டும், பிறகு ஜெபிக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். நடுங்குகிறபடியே அவரிடம் போங்கள். நடுங்குகிற கையையும் அவர் பிடிக்கிறார். என் கையைப் பிடித்தார்.