நான் செலவழித்தால் அவளுக்குத் தெரியும்

குலசேகரம் சந்தையை ஒட்டிய சாயாக்கடையில் ஒரு சாயாவும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு, போனில் காசு கொடுத்தேன். கடைக்காரரின் மேசையிலிருந்த சின்னப் பெட்டி வந்த தொகையை உரக்கச் சொன்னது. அந்தச் சத்தம் பரவாயில்லை. அதே நேரத்தில் குவைத்தில் ஒரு மருத்துவமனை வார்டில், என் மனைவியின் சட்டைப்பையிலும் போன் அதிர்ந்திருக்கும். அதுதான் உறுத்தியது. வடையையாவது விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அவள் நர்ஸ். வங்கிக் கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. போடுவது அவள், எடுப்பது நான். எடுக்கும்போதெல்லாம் இரண்டு போனுக்கும் செய்தி போகும். "இது எதுக்கு?" என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் கேட்காததால் நானே அவள் குரலில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பு நான் இப்படி இல்லை. ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையில் வேலை பார்த்த காலத்தில், சம்பள நாளன்று கூட நின்றவர்களுக்கெல்லாம் புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கைவீச்சு அதிகம் என்று திட்டுவதே அவளுக்கு வேலை. அவளுக்கு விசா வந்தபோது மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேசி, நான் வேலையை விட்டேன். சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனாலும் முதல் மாதமே என் கை சுருங்கிவிட்டது.

மகளுக்கு என்றால் தயங்க மாட்டேன். எனக்கு ஒரு பனியன் வேண்டுமென்றால், பெரிய கடைக்குப் போய் அரிசி பருப்போடு சேர்த்து பில் போடச் சொல்வேன். செய்தியில் கடையின் பெயர்தான் வரும், உள்ளே பனியன் இருப்பது தெரியாது. பில் போடும் பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது, களவுப் பொருளோடு பிடிபட்டவனைப்போல எனக்குக் கூசும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதத் தொடக்கத்தில் ஏடிஎம்மில் மொத்தமாக எடுத்து, எல்லாவற்றுக்கும் ரொக்கமாகவே கொடுப்பது. அந்த ஒரு செய்திக்குப் பிறகு எந்தப் போனும் அதிராது. சாயா மறுபடியும் ருசித்தது.

அந்த மாதம் பாதிகூட ஆகவில்லை. மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து மனைவி அழைத்தாள். டூட்டி நேரத்தில் அவள் அழைப்பதே கிடையாது.

"மோளுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இப்பந்தான் வேன்ல போறா. ஏன்?"

"உங்களுக்கு? மேலுக்கு முடியாம படுத்துக் கெடக்கியளா?"

"எனக்கு என்ன? துணி காயப்போடுதேன்."

"பின்ன ஏன் மெசேஜே வர மாட்டேங்கு? சாயாக்கடை இல்ல, மீன் இல்ல, பெட்ரோல் இல்ல. எனக்குப் பயந்து வெப்ராளமா இருக்கு, கேட்டியளா."

"தினமும் வீடியோவுல பேசத்தானே செய்யுதோம்?"

"அதுல எப்பவும் எல்லாம் சரின்னுதானே சொல்லுவிய."

ஈரத்துணி கையிலேயே இருந்தது. சொல்லிவிட்டேன். "நீ பாத்துட்டே இருப்பியேன்னு இருந்துச்சு. அதான் ரொக்கமா எடுத்து வச்சிட்டேன்."

அவளுக்குப் பின்னால் யாரோ அரபியில் கூப்பிடுவது கேட்டது.

"பாக்கத்தான் செய்யுதேன்," என்றாள். "சாயாக்கடை வந்தா, சந்தைக்குப் போயிட்டிய. மீன்காரரு பேரு வந்தா, இண்ணைக்கு மோளு ஒழுங்கா சோறு தின்பா. எனக்க வீட்ட நான் அதுலயாக்கும் பாக்குதேன். நீங்க அதையும் அடைச்சுப் போட்டா நான் என்ன செய்ய?"

அவள் தொடர்ந்தாள். கூட இருக்கும் நர்ஸுகள் லீவு நாளில் கடைக்குப் போவார்களாம். இவள் போவதில்லையாம். "இந்த வேலை எப்பம் போவுமோன்னு எனக்கும் பயமாக்கும். நீங்களும் நாளைக்கே வேலை போயிரும்ங்குற மாதிரி உங்களுக்குன்னு ஒண்ணும் வாங்காம இருந்தா, அந்தப் பயம் கூடத்தான் செய்யுது." மறுபடியும் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

துணியைக் கொடியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். நான் அவளுக்குப் பயப்படவில்லை. கொடுக்கும் இடத்தில் இருந்தால் மட்டுமே நான் எனக்கு ஆளாகத் தெரிந்தேன். வாங்கும் இடத்துக்கு வந்ததும், ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் காட்ட வேண்டியிருந்தது. யாரும் கேட்காத காரணம். புரோட்டா வாங்கிக் கொடுத்ததும் பனியனை ஒளித்ததும் ஒரே ஆள்தான்.

அடுத்த வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். மருந்துச் சீட்டையே கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் நிலைமை வந்திருந்தது. மலிவான பிரேமில்தான் கண் போனது. அதை எடுக்கவில்லை, விலை கூடியதையும் எடுக்கவில்லை. முகத்துக்குச் சரியாக இருந்த ஒன்றை எடுத்தேன். போனில் பணம் அனுப்பும்போது ரகசிய எண்ணைத் தப்பாக அடித்து, மறுபடியும் அடித்தேன்.

கடை வாசலைத் தாண்டுவதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. "கண்ணாடியா? போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க."

கண்ணாடி தயாராக இரண்டு நாள் ஆனது. வாங்கிவந்ததும் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் முகம், எதற்கோ மன்னிப்புக் கேட்கப்போகிறவனின் முகமாகவே இருந்தது. அதிலேயே கொஞ்சம் தேறிய ஒன்றை அனுப்பிவிட்டேன்.