மாமா காட்டிய ஒஸ்லோ

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு சனி, ஞாயிறு முழுவதும் ஒஸ்லோ நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இத்தாலியின் பலேர்மோவை விட்டு ஓரடிகூட நகராமல் பார்த்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் உண்மையான ஒஸ்லோவில் பிறந்தவர்கள். அதனால் இந்த விஷயத்தில் அவர்களுக்கு அனுபவம் போதாது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா நோர்வேயில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மாவும் நானும் அம்மாவின் தம்பியான மாமாவுடன், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருந்தோம். அப்பாவைப் பிரிந்து மூன்று வருடம். முடிவு வரும்வரை அவர் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாது. நாங்களாவது இரண்டு நாள் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று விசாவுக்குக் கொடுத்திருந்தோம். அம்மா வேலை செய்த வீட்டுச் சின்யோரா லீவு கொடுத்தார். தன் பேத்தியின் பழைய கம்பளிக் கோட்டையும் எனக்குக் கொடுத்தார். எல்லாம் கிடைத்தது, விசாதான் கிடைக்கவில்லை.

அம்மா அழவில்லை. கோட்டை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். நான்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதேன். மாமா மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கோடை முடிந்துவிட்டதால் வேலை இல்லை. சனிக்கிழமை காலை அவர் அந்தக் கோட்டை இழுத்து வெளியே எடுத்தார்.

"வெளிக்கிடு பிள்ளை. இண்டைக்கும் நாளைக்கும் இதுதான் ஒஸ்லோ. அக்கா, நீங்களும் வாங்கோ."

"உனக்கு விசர்," என்றார் அம்மா. ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஒக்ரோபர் மாதம். கடலுக்கு அப்பாலிருந்து சிரோக்கோ என்ற சுடுகாற்று மணலை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. வானம் வெளிறிப்போய், மலையைக் காணவில்லை, மாதா கோயில்களின் கூம்புகள் பாதியில் கரைந்து நின்றன. தெரிந்த தெருவெல்லாம் கனவில் வருகிற தெருவாகிவிட்டது. கோட்டுக்குள்ளே வியர்வை வழிந்தோட, நான் "குளிருது, குளிருது" என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். ஒஸ்லோவில் வேறு என்ன சொல்வது?

சந்தையில் மீன்காரர் வாள்மீனின் மேல் கொட்டியிருந்த நொறுக்கிய ஐஸில் ஒரு பிடி வாங்கி மாமா என் கையில் வைத்தார். "இதுதான் ஸ்னோ." ஸ்னோவில் மீன் மணக்கும் என்று அதற்குப் பிறகும் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அப்பாவின் கடிதங்கள்தான் மாமாவுக்கு வழிகாட்டி. ரயில் நிலையத்தால் வெளியே வந்தால் நேர் தெரு, தெரு முடிவில் அரசரின் மாளிகை என்று அப்பா எழுதியிருந்தார். நாங்களும் ரயில் நிலையத்தில் தொடங்கி நேராக நடந்தோம். பெரிய நாடக அரங்கம் ஒன்று திருத்த வேலைக்காக அடைத்துக் கிடந்தது. "அரசற்றை வீட்டுக்கு வெள்ளையடிக்கினம், இண்டைக்கு ஆள் இல்லை," என்றார் மாமா. பிறகு துறைமுகத்துக்குப் போய், நாப்போலிக்குப் புறப்பட்ட கப்பலை டென்மார்க்குக்கு அனுப்பிவைத்தோம். அது மூட்டத்துக்குள் போய் மறையும்வரை நான் கையைக் காட்டினேன்.

அதுவரை அம்மா இரண்டடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், போர்கோ வெக்கியோ பகுதியின் ஒடுங்கிய தெருவொன்றில் மாமா நின்று மூன்றாம் மாடி ஜன்னலைக் காட்டினார். கொடியில் ஆணின் நீலச் சட்டை ஒன்று காய்ந்தது.

"அதுதான் அத்தான்ரை ரூம்."

"அப்பா எங்கை?" என்று கேட்டேன்.

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. "வேலைக்குப் போட்டார் பிள்ளை," என்று ஒருவாறு சமாளித்தார்.

அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கழுத்து வலிக்காதா என்று யோசிக்கும் அளவுக்கு நின்றார். பிறகு கோபமாகச் சொன்னார்:

"சட்டையைக் கொலரிலை பிடிச்சுக் காயப்போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். கேட்டால்தானே!"

மாமாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். மறுநாள் மொண்டெல்லோவில் வெறுங்கடற்கரையில் இருந்தபோது, இங்கேயிருந்து அப்பாவின் வேலைக்கு எந்த பஸ் போகும், குளிர் நாளில் இருட்டோடு எழும்பிப் போவாரா என்றெல்லாம் மாமாவைக் கேட்டார். மாமாவும் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவர்போல மறுமொழி சொன்னார்.

ஞாயிறு நான்கு மணிக்கு அப்பாவின் அழைப்பு வரும். அவர் அங்கே தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து காசு போட்டுப் பேசுவார். இங்கே மன்னார்க்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் நாங்கள் காத்து நிற்போம். பத்து நிமிடம். முதலில் நான், பிறகு அம்மா. அதை விட்டால் அடுத்த ஞாயிறுதான். அன்று அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். போனில் முகம் தெரியாது என்று மாமா பகிடி பண்ணினார்.

"அப்பா, நாங்கள் ஒஸ்லோவிலை நிக்கிறம்!"

அப்பா சிரித்தார். "அப்பிடியோ? எங்கையெல்லாம் பாத்தனீங்கள்?"

ஸ்னோவையும் கப்பலையும் அரசரின் வீட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உங்கடை ரூமையும் பாத்தனாங்கள். சட்டையைக் கொலரிலை பிடிச்சுக் காயப்போட்டிருக்கிறியள் எண்டு அம்மா ஏசினவ."

மறுமுனையில் சத்தமில்லை. "ஹலோ, ஹலோ" என்றேன். ஒன்றுமில்லை. லைன் போய்விட்டால் போனை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று கடைக்காரர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஒழுங்காக வைத்தேன்.

அம்மாவின் கை நீட்டியபடி இருந்தது.

"ஏன் பிள்ளை வைச்சனி?"

"அப்பா கதைக்கேல்லை அம்மா. லைன் கட்டாயிட்டுது."

அவர் என்னை ஏசவில்லை. போனுக்குப் பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அம்மா பாய்ந்து எடுத்தார். "ஓம்... ஓம், நிக்கிறார்," என்று சொல்லி, வரிசையில் நின்ற வேறொருவரிடம் கொடுத்தார்.

அப்பா அந்த நேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார். கையிலிருந்த காசு முழுவதையும் பெட்டி விழுங்கிவிட்டதாம். இதை அவர் சொன்னபோது எனக்கு இருபது வயது. ஏழு வயதில், சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் ஒரு வாரத்தை நான்தான் போனோடு கீழே வைத்துவிட்டேன் என்பதும் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் நான் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டியபடி, அடுத்த கிழமையும் ஒஸ்லோவுக்குப் போவமோ என்று கேட்டேன்.